முப்பது நாள் விசா

திருவனந்தபுரத்தில் வந்து இறங்கிய அம்மாவின் பெட்டியில்
மூன்று புடவை, ஒரு தைலப் புட்டி,
நான்கு கிலோ மைலோ.
"உன் நோயாளிங்களுக்கு" என்றாள்.
அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை.

போன வருஷம் நான் புறப்பட்டபோது
கூலிம் வீட்டு வாசலில் நின்று
இதே வாய் சொன்னது:
"என் மூட்டுக்குத் தைலம் தேய்க்க ஆளில்ல,
கடல் தாண்டிப் போயி
ஊரான் புண்ணைக் கழுவப் போறியா?"

ஊர் சுற்றிக் காட்ட
அட்டவணை போட்டிருந்தேன்.
பாலருவி, தென்மலை அணை,
பதிமூன்று கண் பாலம்,
எல்லை தாண்டிக் குற்றாலத்தில் ஒரு குளியல்.
தாளை நாலாய் மடித்துக்
கைப்பைக்குள் வைத்தவள்
திரும்ப எடுக்கவே இல்லை.
மறுநாள் விடியுமுன்
என் மழைக்கோட்டை மாட்டிக்கொண்டு
ஜீப்பின் முன்சீட்டில் உட்கார்ந்திருந்தாள்.

"சாயா குடிச்சோ?" என்றான் நவ்ஷாத்.
"பசியாறியாச்சு" என்றாள் அம்மா.
யார் என்ன புரிந்துகொண்டார்களோ,
ஆரியங்காவு தாண்டும்வரை
இருவரும் சிரித்துக்கொண்டே வந்தார்கள்.
பின்சீட்டில் ஷைலா சிஸ்டரும் நானும்
பஞ்சுப் பொட்டலங்களை எண்ணினோம்.

சாலையின் இரு பக்கமும் ரப்பர்.
"நம்ம கித்தா!" என்று கத்தினாள்,
கல்யாணக் கூட்டத்தில்
சொந்தக்காரரைக் கண்டவள் போல.
அடுத்த வளைவிலேயே குறை சொல்ல ஆரம்பித்தாயிற்று:
பட்டையை இவ்வளவு ஆழமாவா சீவுவாங்க?
எங்க மண்டோர் பார்த்தா
அரை நாள் சம்பளம் போயிருக்கும்.

தொங்குபாலத்தில் இரண்டு பலகை இல்லை.
கீழே ஆனி மாதத்து ஆறு,
காப்பித் தூளைக் கரைத்த மாதிரி.
பதினோரு மாதமாகக் கடக்கிறேன்,
இன்னும் எனக்கு வயிறு புரளும்.
அம்மா செருப்பைக் கழற்றி
இடுப்பில் செருகினாள்,
மைலோவைத் தலையில் வைத்தாள்,
நண்டு மாதிரி பக்கவாட்டில் நடந்து
அக்கரையில் நின்று
என்னைப் பார்த்துக் கை தட்டினாள்.
அறுபத்தாறு வயசு.

சுகதனுக்கு நாற்பத்தொன்று.
தடி ஏற்றும்போது சரிந்த மரம்
இடுப்புக்குக் கீழே எதையும் விட்டுவைக்கவில்லை.
அவரைப் புரட்டிப் படுக்கவைத்து
முதுகுப் புண்ணின் கட்டை அவிழ்த்தேன்.
அம்மா வாசலோடு நிற்பாள் என்று நினைத்தேன்.
கிண்ணத்தைப் பிடித்தபடி ஒரு கை
என் பக்கத்தில் இருந்தது.
மூக்கைப் பொத்தவில்லை.
"தண்ணி சூடு பத்தல" என்று மட்டும் சொல்லி
அடுப்படிக்குப் போனாள்.
திரும்பும்போது வெந்நீரோடு
ஆறு டம்ளர் மைலோவும் வந்தது.
"இது எந்தா?" என்றார் சுகதன்.
"மலேசியா ஹார்லிக்ஸ்" என்றான் நவ்ஷாத்.
அந்த வீட்டில் அவர் சிரித்து
அன்றுதான் கேட்டேன்.

திரும்பும் வழியில் மழை, இருட்டு,
வளைவில் ஓர் ஆனை.
நவ்ஷாத் விளக்கை அணைத்தான்.
ஷைலா சிஸ்டரின் ஜெபம்
பாதியில் நின்றுவிட்டது.
அம்மா கைகூப்பி
மலாயில் மெதுவாகச் சொன்னாள்:
"தும்பாங் லாலு, டத்தோ."
வழி விடுங்க பெரியவரே.
தமிழும் மலையாளமும் கேட்டுப் பழகிய காதுகள்
ஒருமுறை விசிறின.
ரொம்ப நேரம் கழித்து
அந்தக் கறுப்பு மெல்லச் சரிவில் இறங்கியது.
பள்ளத்தில் பலாப்பழ வாசனை, அதான் என்றான் நவ்ஷாத்.
மரியாதையாக் கேட்டா யாரும் விடுவாங்க
என்றாள் அம்மா.

இரவு,
கணுக்காலில் அட்டை கடித்த இடத்தை
வாங்கிவந்த நகை மாதிரி
வெளிச்சத்தில் நீட்டிக் காட்டினாள்.
நான் தைலப் புட்டியைத் திறந்தேன்.
"அழுத்தித் தேய்.
அந்த ஆளுக்கு மட்டும் நல்லாத் தேச்சியே."
தேய்த்தேன். பேச்சில்லை.
கண் மூடிவிட்டாள், தூங்கிவிட்டாள் என்று
விளக்கை அணைக்கப் போனபோது கேட்டாள்:

"நாளைக்கு யாரு வீடு?"